உச்சிக்குப் போன பந்துக்கு ஆக்சிலரேஷன் ஜீரோவா? மோஷன் கணக்குல தவிர்க்க வேண்டிய தப்புங்க

பிளஸ் ஒன் புள்ளைங்க மோஷன் பாடத்துல வருசா வருசம் ஒரே எடத்துலதானுங்க வழுக்குறாங்க. பந்த நேரா மேல எறியறோம், உச்சிக்குப் போனதும் ஆக்சிலரேஷன் (செகண்டுக்கு செகண்ட் வெலாசிட்டி மாறற அளவு) எவ்ளோன்னு கேட்டா பாதிப்பேரு ஜீரோம்பாங்க. அங்க ஜீரோ ஆகறது வெலாசிட்டி, அதாவது தெசையோட சேந்த வேகம், மட்டுந்தான் கண்ணுகளா. செகண்டுக்கு 19.6 மீட்டர் வேகத்துல எறிஞ்சோம்னு வைங்க, ஒரு செகண்ட் கழிச்சு 9.8, ரெண்டாவது செகண்ட்ல 0, மூணாவதுல மைனஸ் 9.8, அதாவது இப்ப கீழ வருது. எந்த ரெண்டு செகண்டுக்கு நடுவுல பாத்தாலும் அதே 9.8 தான் கொறையுது பாருங்க, உச்சியில ஆக்சிலரேஷன் நெசமாலுமே ஜீரோவாவே நின்னுட்டா பந்து அந்தரத்துலயே நிக்கணும், கீழயே வராது. மேல பிளஸ்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் g, அதாவது பூமி இழுக்கறதால வர்ற அந்த 9.8, மைனஸ்தான், எறங்கறப்ப மாத்தி போடாதீங்க.

அடுத்து யூனிட். இதுல மார்க் போறத பாத்தா வயிறு எரியுதுங்க. பைபாஸ்ல 72 கிலோமீட்டர் ஸ்பீடுல வர்ற கார் பிரேக் அடிக்குது, செகண்டுக்கு செகண்ட் 5 மீட்டர் வேகம் கொறையுது, எவ்ளோ தூரத்துல நிக்கும்? வேகத்த ஸ்கொயர் பண்ணி, அந்த 5ஓட ரெண்டு மடங்கால வகுத்தா தூரம் வரும். ஆனா 72ஐ அப்படியே ஸ்கொயர் பண்ணி 10ஆல வகுத்தா 518 மீட்டர் வரும், அரை கிலோமீட்டர்! 5/18ஆல பெருக்கி செகண்டுக்கு 20 மீட்டர்னு மாத்திட்டு போட்டா 40 மீட்டர். அதே கார் 36ல வந்தா 10 மீட்டர் போதும். வேகம் பாதியானா தூரம் கால்வாசி ஆயிருது, இத வண்டி ஓட்டறவங்களும் மனசுல வெச்சுக்கோணும்.

ஆவரேஜ் ஸ்பீடுல போற வேகம், வர்ற வேகம் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தராதீங்க. கோயமுத்தூர்ல இருந்து ஈரோடு 100 கிலோமீட்டர்னு வெச்சு, போறப்ப 50, வர்றப்ப டிராபிக்ல 25ன்னா, மொத்தம் 200 கிலோமீட்டர், 6 மணி நேரம், ஆவரேஜ் 33.3 தான், 37.5 இல்ல.

கனமானது வேகமா விழும்ங்கறதும் இன்னும் போகல. 1971ல அப்பல்லோ 15ல போன டேவிட் ஸ்காட் நிலாவுல சுத்தியலையும் எறகையும் ஒண்ணா விட்டாரு, ரெண்டும் ஒண்ணாவே விழுந்துச்சு. இங்க எறகு மெதுவா வர்றதுக்கு காத்துதான் காரணம்.

திம்பம் மலையில பஸ் வளையறப்ப நம்மள யாரோ வெளிய தள்ளற மாதிரி இருக்கும்ல? ரோட்டுல நின்னு பாக்கறவங்களுக்கு யாரும் தள்ளல, ஒடம்பு நேரா போகத்தான் பாக்குது, பஸ்ஸுதான் உள்பக்கமா திரும்புது. அதனால படம் போடறப்ப விசைக்கு வெளிய பாத்து ஒரு அம்புக்குறி போட்டராதீங்க, வளைவோட நடுவப் பாத்து உள்பக்கமா போடோணும்.