இந்தியாவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ திரும்பி வரும் குடும்பங்களுக்கு முதல் சில மாதம் ஒரே அலைச்சல்தான். கிராம சேவையாளர், பிரதேச செயலகம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, காணிப் பத்திரம் என்று நாள் ஓடிவிடும். இதற்குள் சத்தமில்லாமல் அடிபடுவது பிள்ளையின் படிப்பு. எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்த வருடம் என் மூத்த மகள் முதல் தவணையில் பாதி நாள் வீட்டில்தான் இருந்தாள். "தம்பியைப் பாத்துக்கொள் மகள், நானும் அப்பாவும் கச்சேரிக்குப் (அரசாங்க அலுவலகத்துக்கு) போட்டு வாறம்" என்று நானேதான் அவளை நிறுத்தி வைத்தேன். ஒரு நாள்தானே என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

அதனால் அலுவலகத்துக்கு ஒருவர் மட்டும் போங்கள். இருவரும் போயே ஆக வேண்டிய நாளில் சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுங்கள், இல்லாவிட்டால் கையோடு கூட்டிப் போங்கள். மூத்த பெண் பிள்ளையின் பள்ளி நாளைத் தொடாதீர்கள்.

பத்திரமெல்லாம் சரியான பிறகு சேர்க்கலாம் என்றும் காத்திருக்க வேண்டாம். பிள்ளை இந்தியாவில் பிறந்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்திருந்தால் வேலை சுலபம். பதியவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் வழி கேட்டு உடனே தொடங்குங்கள், அது இழுபடும். அதுவரை கையிலிருக்கும் மாற்றுச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு அதிபரைப் போய்ப் பாருங்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்கும் கல்வியாண்டு இங்கே ஜனவரியில் தொடங்குகிறது. "ஜனவரி வரட்டும்" என்று ஐந்தாறு மாதம் வீட்டிலிருந்த பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது பெரும்பாடு.

சேர்த்த பிறகுதான் கவனம் இன்னும் தேவை. இங்கும் தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று நினைப்போம். என் மகளிடம் டீச்சர், "கொப்பியைக் கொண்டு வாங்க" என்றிருக்கிறார். பிள்ளை காப்பி என்று விளங்கிக்கொண்டு, "எங்க டீச்சர் வாங்கணும்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் வயிற்றுவலி, அதற்கடுத்த நாள் தலையிடி. காரணம் தெரிய எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஆகவே போகுமுன்னே வீட்டில் சொல்லிக் கொடுங்கள்: நோட்டு இங்கே கொப்பி, மார்க் என்பது புள்ளி, ஆறாம் வகுப்பு என்பது தரம் 6, தலைமை ஆசிரியர் என்றால் அதிபர், ஷூ என்றால் சப்பாத்து. சிங்களம் இரண்டாம் மொழியாக இருக்கும், எழுத்தே புதிது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அரை மணி நேரம் இருந்து எழுதிப் பழகினாலும் பயம் விடும்.

பிள்ளை "போகமாட்டேன்" என்று அடம்பிடித்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள். காலை 7.30க்கு முன் கூடவே போய் வகுப்பாசிரியரைத் தனியாகக் கண்டு, "பிள்ளை இந்தியாவிலிருந்து வந்தவள், பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். நான் சொன்ன அன்றைக்கே அந்த டீச்சர் மகளின் இடத்தை மாற்றி, நல்ல குணமுள்ள ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருத்தினார். வயிற்றுவலி அதோடு நின்றது.

மாரி மழைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை படுவான்கரையில் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும். சில இடங்களில் யானையும் வரும். தூரத்துப் பிள்ளைகள் சேர்ந்து போக, பெற்றோர் முறை வைத்துக் கூட்டிப் போவது நல்லது. வெள்ளத்தால் போக முடியாத நாளில் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் அடித்துச் சொல்லிவிடுங்கள். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் சப்பாத்து இல்லாத வெட்கத்தில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையும் டீச்சரிடம் மறைக்க வேண்டாம்.

அப்புறம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். எங்கள் ஊர் மண்ணின் பெரிய சந்தோஷம் அது. முகாமில் பிறந்த பிள்ளைகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் இரவு முழுக்கக் கண் விழித்த பிள்ளை காலையில் எழும்பாது. சடங்கு நிறைவாகும் குளிர்த்தி இரவுக்கு விடிய விடிய இருக்கட்டும். மற்ற நாட்களில் பூசை முடிந்ததும், பத்து மணிக்கு முன் வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வையுங்கள்.