காரை இறக்கியபின் டயர் உரசுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரில் கார்ப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட், உபி பக்கம் போனால், முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, கைப்பேசி விளக்கை அடித்து மட்கார்டுக்குள் எட்டிப் பார்க்கும் இளைஞர் ஒருவராவது கண்ணில் படுவார். காரின் உயரத்தைத் தாழ்த்த ஸ்ப்ரிங் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். டயரின் தோளில் கத்தியால் கீறியதுபோல் ஒரு வட்டக் கோடு. உள்ளே பிளாஸ்டிக் லைனரில் தேய்ந்து பளபளக்கும் ஒரு பட்டை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் தொடக்கத்தில் செய்த தவறுதான். புதிதாக வருகிறவர்கள் அதையே காசு கொடுத்துத் திரும்பச் செய்வதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

இரண்டு விரல் கணக்கு

சமதளத்தில் நிற்கும் காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது, ஆகவே உரசாது என்று முடிவு கட்டுவதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. நிற்கிற காரில் டயர் உரசாது. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி, சக்கரம் தன் உச்சிக்கு ஏறும்போதுதான் உரசும். அந்த உச்சி எது என்பது ஸ்ப்ரிங்கின் கையில் இல்லை. அதிர்வை அடக்கும் அப்ஸார்பரின் நீளமும் அதன் தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரிஜினல் அப்ஸார்பரை வைத்துக்கொண்டு, 25 மி.மீ. தாழ்த்தும் ஸ்ப்ரிங்கை மட்டும் போட்டால் உச்சி மாறாது; சக்கரம் அதை அடிக்கடி தொடும், அவ்வளவுதான். கோயில்ஓவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-அப்ஸார்பர் தொகுப்பில்) ஸ்ப்ரிங் தட்டைக் கீழே இறக்கினாலும் அதே கதை. அடி பிராக்கெட்டைச் சுழற்றி உயரத்தை மாற்றும் வகையில் மட்டும் விஷயம் வேறு. அங்கே அப்ஸார்பரின் மொத்த நீளமே குறைகிறது. முன்பக்கம் 30 மி.மீ. இறக்கினால், முழுக்க அமுங்கும்போது டயரும் கிட்டத்தட்ட 30 மி.மீ. கூடுதலாக உள்ளே ஏறும். “அப்ஸார்பர் பயணம் குறையாது” என்று விற்பவர் சொல்வது உண்மைதான். அந்தப் பயணத்துக்கு மட்கார்டுக்குள் இடம் இருக்கிறதா என்று யாரும் பார்த்துச் சொல்வதில்லை. ஸ்ப்ரிங் தயாரிப்பாளர் அளவு சொல்லாமல் பம்ப் ஸ்டாப்பை வெட்டுகிறவர்களும் இதே வம்பைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

நம் ஊரில் இது வெளிப்படும் இடம் அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் சரிவு. ஸ்டியரிங் ஏறக்குறைய முழுக்கத் திரும்பியிருக்கும். அதே நேரம் ஒரு முன்சக்கரம் அமுங்கும். பின்சக்கரம் உரசுவது தெரிவது ஜோகூர் பயணத்தில். எல்லையைத் தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல் கட்டாயம். அதோடு பின்சீட்டில் ஆள், பூட்டில் சாமான். தனியாக ஓட்டியபோது சத்தமே போடாத கார் அன்றைக்கு மேட்டில் ஏறி இறங்கும்போது ‘கர்ர்’ என்னும்.

சோதிக்கும் வழி இது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, இரு பக்கமும் ஆன்டி-ரோல் பார் லிங்க்கைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் எதிர்ச்சக்கரம் இழுத்துப் பிடிக்கும். ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப்போடு அப்ஸார்பரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஒரிஜினல் ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் அப்ஸார்பரும் சேர்ந்த தொகுதியின்) மேல்நட்டைத் தொடவே கூடாது. சக்கரத்தை மாட்டி, கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட் அருகே ஜாக் கொடுத்து, பம்ப் ஸ்டாப் பாதியாக அமுங்கும்வரை ஏற்றுங்கள். பாடி ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதுபோல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மட்கார்டு உதட்டின் உட்புறத்திலும் லைனரிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணின் கனம்தான் உண்மையான இடைவெளி. அது 5 மி.மீ.க்குக் குறைந்தால் உயரத்தையோ ரிம்மையோ மாற்றத்தான் வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது புஷ்களும் (ஆர்ம் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்கள்) டயரும் நெளிவதிலேயே அந்த இடம் போய்விடும்.

ரிம், டயர் கணக்கு

18 அங்குல ரிம்மோடு வரும் டொயோட்டா ஜிஆர்86-க்கு ரிம் அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அதை மாட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்) 48 மி.மீ., டயர் 215/40 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 விழுக்காடு). அதில் 9 அங்குல அகலமும் 40 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைப் போட்டால், வெளிவிளிம்பு 27 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 11 மி.மீ. ஸ்ட்ரட் பக்கம் நெருங்கும். டயர் 235/40 என்றால் ஆரம் மட்டும் 8 மி.மீ. கூடுகிறது. காரை இறக்கும் முன்பே அவ்வளவு இடம் போய்விட்டது. 235/35 போட்டால் ஆரம் ஒரிஜினலைவிட ஏறக்குறைய 4 மி.மீ. குறையும். டயர் பாடியை விட்டு வெளியே நீட்டக் கூடாது என்பதையும் ரிம் வாங்கும் முன்பே கணக்கில் சேருங்கள்.

கேம்பரால் மறைப்பது

நெகட்டிவ் கேம்பர் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது. ஒரு டிகிரி சாய்வு டயரின் மேல்பகுதியை ஏறக்குறைய 5 மி.மீ. உள்ளே தள்ளும். 2 டிகிரிவரை சரி. அதற்குமேல் தேவைப்பட்டால் ரிம் தேர்வுதான் பிழை.

ஸ்ப்ரிங்கை வெட்டுவது

வேண்டாம்.

ஃபெண்டர் ரோலிங்

டயருக்கு இடம் கொடுக்க மட்கார்டின் உதட்டை உள்பக்கம் மடிப்பதுதான் இது. ஹீட் கன்னால் பெயின்ட்டை நன்றாகச் சூடாக்காமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும். இந்த ஈரக்காற்றில் அந்த வெடிப்புக்குள் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்குவது

லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே கீழ் ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். அதுவரை காரைச் சில மி.மீ. தூக்கிப் பிடித்து உங்கள் உயரக் கணக்கையும் கெடுக்கும். கார் ஓடும் உயரத்துக்கு ஆர்மை ஜாக்கால் ஏற்றிய பிறகே கடைசி முறுக்கு.

அலைன்மென்ட்டும் விளக்கும்

புது ஸ்ப்ரிங் சற்றுத் தணியும். அதனால் மாட்டிய அன்றைக்கே ஒருமுறை, இரண்டு வாரம் ஓட்டியபின் மறுமுறை அலைன்மென்ட் பாருங்கள். டயரின் உள்பக்கம் மொட்டையாவதற்குக் கேம்பரைவிட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறிப்போவதே பெரும்பாலும் காரணம். தானாக உயரம் சரிசெய்யும் ஹெட்லைட் இருந்தால், பின் ஆர்மோடு இணைந்த சென்சார் ராடையும் மறுபடி செட் செய்ய வேண்டும். 3 ஆண்டு கடந்த கார் 10 ஆண்டு ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குப் போகிறது; அங்கே ஒளிக்கற்றை தாழ்ந்தோ உயர்ந்தோ விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.