வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரௌட்டரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என இரண்டு ஃபயர்வாலும் வேண்டுமா?

வேண்டும். நெட்வொர்க் வழியாக வரும் வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் காவல்தான் ஃபயர்வால். ஆனால் கடைக்குப் போய் எதையும் வாங்க வேண்டாம். டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஃபைபர் போட்ட வீடு என்றால் பெரும்பாலும் ரௌட்டருக்குள் ஒன்றும் விண்டோஸுக்குள் ஒன்றும் ஏற்கெனவே இருக்கும், இரண்டும் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

"ரௌட்டர் இருக்கிறதே" என்று பலர் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிடுகிறார்கள், அதுவும் ஏதோ ஒரு கேமோ பிரிண்டரோ மக்கர் செய்தது என்பதற்காக. தயவுசெய்து செய்யாதீர்கள். லோட்ஷெடிங் முன்பு போல இல்லை என்றாலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. போனால் ரௌட்டரும் அணைந்துவிடும், பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மால் வைஃபைக்குப் போய்விடுவார்கள், அங்கே அதற்குத் துணை அதற்குள் இருக்கும் ஃபயர்வால் மட்டும்தான். வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், ஒரு கம்ப்யூட்டரில் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் அப்டேட் செய்யாமல் இருந்த மற்றவற்றுக்கு 445ஆம் போர்ட் (ஃபைல்களைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் வாசல்) வழியாகத் தானே தாவியது. உள்ளேயிருந்து உள்ளேயே போவதை வாசலில் நிற்கும் ரௌட்டர் பார்ப்பதில்லை.

சரி, விண்டோஸில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறந்து, ஃபயர்வால் பகுதியில் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆன் ஆக இருக்கிறதா பாருங்கள். வெளி வைஃபை எதுவானாலும் பப்ளிக் என்றே வையுங்கள். மேக்கில் இது பெரும்பாலும் ஆஃப் ஆகத்தான் இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஃபயர்வால் என்று போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும்.

ரௌட்டரில்தான் கொஞ்சம் நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் டிவிக்கும் சிசிடிவி கேமராவுக்கும் அதை விட்டால் வேறு காவல் கிடையாது. கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் வரும், அதை பிரவுசரில் போட்டால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் (வெளியிலிருந்து ரௌட்டரை மாற்றும் வசதி) யுபிஎன்பியையும் (கருவிகள் தாமே ரௌட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள், ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள். கேமராவை ஃபோனில் பார்ப்பதற்காக இன்ஸ்டால் செய்தவர் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேரே கேமராவுக்கு வரும் வழி) திறந்துவைத்திருந்தால் அதை மூடிவிட்டு, கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டிகள்) பிடித்தது கம்பெனி வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருந்ததால்தான்.

ஆன்டிவைரஸோடு இன்னொரு ஃபயர்வால் வந்தால் அது விண்டோஸுடையதை அணைத்துவிட்டுத் தானே பொறுப்பேற்கும், அதில் தவறில்லை. ஆனால் சந்தா முடிந்த அன்று திரும்பப் போய், ஏதாவது ஒன்று ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.