நடைபழகும் பிள்ளையோடு குழு மலையேற்றம்: முதல்முறை போகும் குடும்பங்களுக்கு

ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில் மலையேற்றம் என்று பேச்செடுத்தால், "அவன் கொஞ்சம் வளரட்டும்" என்று தாத்தா பாட்டி தடுத்துவிடுவார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த வயதுப் பிள்ளையைக் காட்டுப் பாதைக்குக் கூட்டிப் போகலாம். தனியாகப் போவதைவிடக் குழுவோடு போவது எனக்குப் பிடித்திருக்கிறது. வழி தெரிந்த ஆள் கூட இருப்பார், அவசரத்துக்கு நாலு கை இருக்கும், பிள்ளைக்கு வேடிக்கை பார்க்க மனிதர்கள் இருப்பார்கள்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். பாதையில் எந்த இடத்தில் நின்றும் "நாங்க இத்தோட திரும்பறோம்" என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொன்னால் மற்றவர்களின் பயணம் கெடக் கூடாது. அந்த ஏற்பாடு இல்லாத குழுவில் சின்னப் பிள்ளையோடு சேராதீர்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வதற்கானவை.

படி 1: வீட்டுப் பக்கத்தில் ஒத்திகை

குழுவில் பெயர் கொடுக்கும் முன்பு, உங்கள் குடும்பம் மட்டும் பக்கத்தில் உள்ள சின்னக் குன்றுக்கோ பெரிய பூங்காவுக்கோ போய் வாருங்கள். மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறது. அடிவாரத்தில் ஆலமர நிழலும் தாமரைக் குளமும் உண்டு, ஏறப் படிகளும் உண்டு. கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படிகள். காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

இந்த ஒத்திகையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பிள்ளை தானாக எவ்வளவு நேரம் நடக்கிறது? எப்போது "தூக்கு" என்று கையை நீட்டுகிறது? பிள்ளையை உடம்போடு கட்டிச் சுமக்கும் கேரியரில் உட்காரவைத்தால் அரை மணி நேரமாவது அழாமல் இருக்கிறதா? இந்த வயதில் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்தான். எறும்பைப் பார்க்க ஒரு நிறுத்தம், கல்லைப் பொறுக்க ஒரு நிறுத்தம். பெரியவர்கள் குழுவோ மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும். அந்த இடைவெளியை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்பது ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது உங்களுக்கே ஓரளவு பிடிபட்டிருக்கும்.

படி 2: குழுவைத் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது அரசின் மலையேற்றத் திட்டம். தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் வனத்துறையும் சேர்ந்து 2024 அக்டோபரில் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யலாம். உள்ளூர் மக்களும் பழங்குடி மக்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு எளிய பாதைகளுக்கு மட்டும் போகலாம் என்பது அறிவித்த விதி. விதிகள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அந்தப் பாதைக்கான வயது வரம்பைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது நகரங்களில் இயங்கும் மலையேற்றக் குழுக்கள். இவர்களில் பலர் வேகமாக நடக்கும் இளைஞர்கள். "குடும்ப நடை" என்று தனியாக அறிவித்தால் மட்டும் சேருங்கள். மூன்றாவது, அடுக்ககத்திலோ அலுவலகத்திலோ நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தொடங்கும் வாட்ஸ்அப் குழு. பிள்ளைகள் எல்லாம் ஒரே வயது என்றால் இதைவிடச் சுகமான குழு கிடையாது. ஆனால் இவர்களில் யாராவது அனுமதி வாங்கினார்களா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத்துறைக்குத் தெரியாமல் காப்புக்காட்டுக்குள் போகும் குழுவைத் தீ வந்தாலும் யானை வந்தாலும் தேடி வர யாருக்கும் தெரியாது. "நாங்க வழக்கமா போற இடம்தான், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் ஒருங்கிணைப்பாளரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

குழு சரி என்று பட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் போனில் பேசுங்கள். செய்தி அனுப்புவது போதாது. பேசும்போதுதான் பிள்ளைகளைப் பற்றி அவர் எப்படி நினைக்கிறார் என்று தெரியும். கேட்க வேண்டியவை:

- பிள்ளையின் வயதைச் சொல்லி, "இதற்கு முன் இந்த வயதுப் பிள்ளைகள் உங்கள் குழுவில் வந்திருக்கிறார்களா?"
- "பாதி வழியில் நாங்கள் திரும்பினால் எங்களோடு யார் வருவார்கள்?" ஒரே ஒரு வழிகாட்டி என்றால் அந்தக் குழு உங்களுக்கு ஆகாது. இரண்டாவது வழிகாட்டிக்கான செலவை நாங்கள் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.
- "எல்லோருக்கும் கடைசியாக நடந்து வருவதற்கு ஆள் உண்டா?"
- "வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாதை எவ்வளவு தூரம்? ஜீப் போகுமா?"

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மூன்று கிலோமீட்டர் பாதை என்று அறிவித்துவிட்டு, பாதை தொடங்கும் இடத்துக்கே இரண்டு கிலோமீட்டர் நடக்கவைக்கும் இடங்கள் உண்டு.

படி 3: பாதை

போகவர மூன்று, நாலு கிலோமீட்டருக்குள், போன வழியே திரும்பும் பாதையாகப் பாருங்கள். சுற்றிக்கொண்டு வேறு வழியாக இறங்கும் பாதையில் பாதி போய்விட்டால் திரும்புவதும் முடிப்பதும் ஒரே தூரம்தான்.

இன்னொன்று, முதலில் ஏறிப் பிறகு இறங்கும் பாதைதான் சின்னப் பிள்ளைக்குச் சரி. கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும். ஏறி வரும்போது வெயிலும் வந்துவிடும், பிள்ளைக்குத் தூக்கமும் வந்துவிடும். அருவி எங்கேயும் போய்விடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை இவையும் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் தடவைக்கு நான் சொல்வது நீலகிரி. ஊட்டிக்குப் பக்கத்தில் கெய்ர்ன் ஹில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை. லாங்வுட் சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள சோலைக்காடு. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கோத்தகிரி ஊருக்கு வெகு அருகில் இருப்பதால் மருத்துவமனைக்கும் நேரமாகாது. இது எனக்கு முக்கியமான காரணம். இரண்டு இடங்களிலும் நிழல் அடர்த்தியாக இருக்கும். பிள்ளை பார்க்கப் பாசியும் காளானும் நிறைய. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பருவம் பற்றிச் சுருக்கமாக: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். மழை மாதங்களில் சோலைக்குள் அட்டை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்லவை, குளிருக்குத் தயாராகப் போனால்.

மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறும்போதே பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடும். ஆகவே நடை இருக்கும் நாளுக்கு முந்தைய நாளே மேலே போய்த் தங்கிவிடுங்கள். ஏறும்போது காது அடைக்கும். பால் குடிக்கவோ எதையாவது உறிஞ்சவோ கொடுத்தால் விழுங்கி விழுங்கிச் சரியாகிவிடும்.

படி 4: தூக்கிச் செல்வது

"அவ நல்லா நடப்பா" என்று நம்பிக் கேரியர் இல்லாமல் போகக் கூடாது. நம் வழக்கம் இடுப்பில் தூக்குவது. சமதரையில் அது சரி. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாரம் சாய்ந்துவிடும், ஒரு கை எப்போதும் பிள்ளையைப் பிடித்திருக்கும், சறுக்கினால் ஊன்றக் கை இருக்காது.

துணி கேரியர் என்றால் முதுகுப் பக்கம் கட்டுங்கள். முன்பக்கம் கட்டினால் உங்கள் கால் வைக்கும் இடம் உங்களுக்கே தெரியாது. பிள்ளையின் முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயரமாக, தொடைகளுக்கு முழுத் தாங்கல் இருக்கும்படி உட்கார வேண்டும். கால்கள் வெறுமனே தொங்கக் கூடாது. சட்டம் வைத்த கேரியர் வசதியானது, விலை அதிகம். வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். எதை வாங்கினாலும் அதில் அச்சிட்ட எடை வரம்பைப் பாருங்கள்.

கணக்கு இது: இரண்டு வயதுப் பிள்ளை சுமார் 12 கிலோ, சட்டக் கேரியர் சுமார் 3 கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. மொத்தம் 16 கிலோ ஆகிவிடுகிறது. பிள்ளையைத் தூக்குபவர் வேறெதையும் தூக்கக் கூடாது. மற்ற சாமான் எல்லாம் இன்னொருவர் முதுகில். அரை மணிக்கொரு தடவை ஆள் மாறுங்கள். தூக்குபவர் கையில் ஒரு ஊன்றுகோல் கட்டாயம். இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு தோள் பட்டையைச் சரிசெய்தால் பாரம் இடுப்பில் இறங்கும், தோள் வலிக்காது.

ஒரு விஷயம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் உங்களுக்கு வியர்க்கும். முதுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் குளிரும். உங்கள் உடம்புச் சூட்டை வைத்துப் பிள்ளைக்கு உடுப்பு முடிவு செய்யாதீர்கள். கால் மணிக்கொருமுறை பிடரியில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னொரு உடுப்பு, ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கேரியரில் கால்சட்டை மேலே ஏறிக் கணுக்கால் வெளியே தெரியும். நீளமான சாக்ஸ் போடுங்கள்.

படி 5: பை

பழகிய சாப்பாடு மட்டும். பொடி தடவிய குட்டி இட்லி, வாழைப்பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் சின்னத் துண்டுகளாக. கடலை மிட்டாய், முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை இவை வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியவை. அதிலும் கேரியரில் குலுங்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மென்றுகொண்டிருப்பது ஆபத்து. நின்று, இறக்கி, உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்; நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

மருந்துப் பையில் ஓஆர்எஸ், தெர்மாமீட்டர், மருத்துவர் எழுதித் தந்த அளவில் காய்ச்சல் மருந்து, பஞ்சு, துணிக்கட்டு. ஊட்டியில் எல்லாக் கடையிலும் விற்கும் நீலகிரித் தைலத்தைச் சளிக்கு என்று பிள்ளையின் மூக்கருகே தடவாதீர்கள். வாய்க்குள் போனால் விஷம். குப்பியும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. கொசு விரட்டி பூசினால் விரல்களில் பூச வேண்டாம், விரல் நேராக வாய்க்குத்தான் போகும்.

டயப்பருக்கு மூடி இறுக்கமான ஒரு டப்பாவோ ரப்பர் பையோ. போட்ட டயப்பர் எல்லாம் உங்களோடு கீழே வர வேண்டும். காட்டில் புதைத்தால் பன்றி தோண்டி எடுத்துவிடும்.

படி 6: அன்றைக்கு

கிளம்பும் முன் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு, எங்கே நின்றாலும் திரும்பல். "அந்த வளைவு வரைக்கும்" என்று இடத்தை வைத்துக் குறித்தால் அந்த வளைவுக்குப் பிறகு இன்னொரு வளைவு வரும். வழிகாட்டியிடமும் இந்த நேரத்தைச் சொல்லிவையுங்கள்.

குழுவில் நடுவே நடங்கள். நல்ல, அகலமான இடத்தில் பிள்ளையை இறக்கி நடக்கவிடுங்கள், தொடக்கத்திலேயே. அப்போதுதான் அதற்குக் களைப்பு வரும்போது கேரியரில் தூங்கும். பள்ளம், ஈரப்பாறை, ஓடை வரும் இடங்களில் முன்னமே தூக்கிவிடுங்கள். மறுபக்கம் போய் இறக்கலாம்.

கூட வருபவர்கள் பாசமாகத்தான் இருப்பார்கள். கன்னத்தைக் கிள்ளுவார்கள், பிஸ்கட் நீட்டுவார்கள். தொடக்கத்திலேயே முகம் சுளிக்காமல் சொல்லிவிடுங்கள்: "அக்கா, அவனுக்கு எதுவும் கொடுக்கிறதா இருந்தா எங்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க." பிள்ளையின் படத்தைக் குழுவில் போட வேண்டாம் என்றாலும் அப்போதே சொல்வது நல்லது. யாராவது "நான் தூக்கிக்கறேன்" என்றால் பையைக் கொடுங்கள், பிள்ளையைக் கொடுக்காதீர்கள். பழகாத கேரியரைப் பழகாத முதுகில் மாட்டும் இடம் மலைச்சரிவு அல்ல.

குரங்கு தெரிந்தால் உணவுப் பையைத் திறக்காதீர்கள், பிள்ளை கையில் இருப்பதை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். காட்டெருமை தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வழிகாட்டி சொல்லும்வரை அசையாமல் நில்லுங்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம், உப்பும் நெருப்பும் வேண்டாம். அது ஒட்டியிருக்கும் வாய்ப் பக்கம் நகத்தைச் சரித்து நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பிள்ளை ஓயாமல் அழுதாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் தெரிந்தாலோ கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உடனே திரும்புங்கள். அவசரம் என்றால் 108. சிக்னல் எந்த இடம் வரைக்கும் கிடைக்கிறது என்று ஏறும்போதே பார்த்து வைத்திருந்தால், எவ்வளவு தூரம் இறங்கினால் பேச முடியும் என்று தெரியும்.

படி 7: இறங்கிய பிறகு

அறைக்குப் போனதும் காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு எல்லாவற்றிலும் அட்டையோ உண்ணியோ இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் குளிப்பாட்டி, சோறு ஊட்டித் தூங்கவையுங்கள். அன்றைக்கே மலை இறங்காதீர்கள்.

மாலையில் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: பிள்ளை எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே நிழல் இல்லை, எந்த இடத்தில் கேரியரோடு கடக்கக் கஷ்டமாக இருந்தது, டயப்பர் மாற்ற எங்கே சமதளம் கிடைத்தது. அடுத்த மாதம் அவரைக் கூப்பிட்டு "ரெண்டு வயசுப் பிள்ளையோட வரலாமா?" என்று கேட்கும் இன்னொரு வீட்டுக்கு அவர் சொல்லப் போகும் பதில் அதிலிருந்துதான் வரும்.