பள்ளிகளுக்கு இசையைக் கொண்டுசெல்லும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு வட்டாரத்து இசைக்குழு ஒன்று, மேடைக் கச்சேரிகளோடு நின்றுவிடாமல் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இசை கற்றுத்தர முன்வந்தால், அதற்குக் கைகொடுக்க ஆட்கள் கிடைக்காமல் போவதில்லை. கேட்டால் கொடுக்கும் மில்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். தலைமையாசிரியர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. அப்படியிருந்தும் இத்தகைய முயற்சிகள் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை என்றால், அதற்குக் காரணம் திட்டம் போடும்போதே நுழைந்துவிடும் சில தவறுகள்தாம். ஒருநாள் விழாவையே இசைக்கல்வி என்று கருதிக்கொள்வது அவற்றில் முதலாவது. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்து, மாவட்டத்துப் பெரியவர்களை அழைத்து, ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு வருவது எளிது. நாளிதழில் படமும் வரும். ஆனால் அன்று வயலினைப் பார்த்து ஆசைப்பட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த வாரம் அதைத் தொட்டுப்பார்க்க வழியில்லை என்றால், அந்த விழா அந்தப் பிள்ளைக்கு ஏக்கத்தை மட்டுமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வெனிசுவேலாவில் 1975ஆம் ஆண்டு ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்டமா' இயக்கத்தைப் பலரும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் அதன் மேடைக்காட்சிதான் அவர்கள் நினைவில் நிற்கிறது. அந்த மேடைக்குப் பின்னால், பள்ளி விட்டதும் பிள்ளைகள் தங்கள் குடியிருப்புக்கு அருகிலேயே உள்ள மையத்துக்குப் போய், வாரத்தில் பல நாள் மணிக்கணக்காகப் பயிற்சி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. காட்சியை எடுத்துக்கொண்டு ஏற்பாட்டை விட்டுவிட்டால் எதுவும் மிஞ்சாது. இருபது பள்ளிகளுக்கு ஒருமுறை போவதற்கான பணம் கையில் இருந்தால், இரண்டே பள்ளிகளைத் தேர்ந்து, வாரம் இருமுறை, ஒரு கல்வியாண்டு முழுவதும் போவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

நாள் குறிப்பதில் நேரும் பிழை அடுத்தது. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, பொதுத்தேர்வு ஆகியவற்றை எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள். கலைஞர்களின் நாட்காட்டியைப் பார்ப்பவர் குறைவு. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் பூச்சாட்டும் கம்பம் நடுதலும் மாரியம்மன் நோம்பியும் வரும்போது பறைக் கலைஞர்களும் தவில்காரர்களும் இரவும் பகலும் வேலையில் இருப்பார்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நாகசுரக்காரரைப் பள்ளிக்கு அழைப்பது அவருடைய வருமானத்தில் கைவைப்பதாகும். கல்யாணங்கள் இல்லாத ஆடி மாதம், பள்ளிக்கும் தேர்வு நெருக்கடி இல்லாத காலம். அறிமுக நிகழ்ச்சிகளுக்கு அதைப்போல வாய்ப்பான நேரம் வேறு இல்லை. பெற்றோரும் வந்து கேட்க வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலையைத் தவிர்க்க வேண்டும். திருப்பூரிலும் பல்லடம், சோமனூர் தறிக்குடோன்களிலும் வாரக்கூலி கைக்கு வரும் நாள் அது. சம்பளம் வாங்கவும் சந்தைக்குப் போகவுமே பொழுது சரியாகிவிடும். பள்ளி முடிந்தபின் நடத்தும் வகுப்பை, ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே தீர்மானிக்க வேண்டும். தோட்டத்துச் சாளைகளிலிருந்து, அதாவது காட்டுக்குள் இருக்கும் வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி மேலும் ஒரு மைல் நடக்க வேண்டியிருக்கும். இருட்டிய பிறகு பெண்பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். வகுப்புக்கு வராத பிள்ளைகளைப் பற்றி 'ஆர்வமில்லை' என்று பதிவேட்டில் எழுதும் முன் இதையெல்லாம் விசாரித்திருக்க வேண்டும்.

அறிமுக நிகழ்ச்சியையே பெரியவர்களுக்கான கச்சேரியைப் போல அமைத்துவிடுவதும் பரவலான தவறு. வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, சிறப்புரை எல்லாம் முடிந்து முதல் சுரம் ஒலிப்பதற்குள் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் அதன் நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நடத்திய சிறுவர் கச்சேரிகளில், வாசிப்பும் பேச்சும் மாறி மாறி வரும். ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்கு விடையாக ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார். நம் பள்ளிக்கூடங்களிலும் இதே முறை நன்றாக எடுபடும். நாகசுரக்காரர் வாத்தியத்தின் ஊதுமுனையான சீவாளியைக் கழற்றி, அதை மட்டும் உதட்டில் வைத்து ஊதிக் காட்டினால் பீப்பீ என்று ஒரு சத்தம் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே சீவாளியைத் திரும்பப் பொருத்தி ஒரு நீண்ட சட்ஜம் ('ச' சுரம்) பிடித்தால் சிரிப்பு அடங்கிவிடும். சிறிய நாணல் சீவாளியின் அதிர்வு எப்படி அவ்வளவு பெரிய ஒலியாகிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். நாற்பது நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு, மீதி நேரத்தில் வாத்தியங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வாத்தியம் என்று முடிவுசெய்யும் இடத்தில்தான் எல்லாவற்றிலும் கனத்த தவறு நடக்கிறது. 'இவன் வீட்டில் பறை அடிப்பார்கள், இவனுக்குச் சுலபமாக வரும்' என்று சொல்லி ஒரு பையனிடம் பறையைக் கொடுத்துவிட்டு, வேறு தெருவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் வயலினையும் கீபோர்டையும் கொடுப்பது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும், வகுப்பறைக்குள் சாதியைப் பாய் விரித்து உட்கார வைப்பதாகும். அந்தப் பையன் எந்த அடையாளத்திலிருந்து விலகி நிற்கப் பள்ளிக்கு வருகிறானோ, அதையே எல்லார் முன்னிலையிலும் அவன் தோளில் மாட்டிவிடுகிறோம். இதற்கு அஞ்சி, பறையையே திட்டத்திலிருந்து நீக்கிவிடும் குழுக்களும் உண்டு. அதுவும் தவறுதான், ஏனென்றால் கம்பத்தாட்டமும் ஒயிலாட்டமும் ஆடிப்பழகிய இந்த ஊர்ப் பிள்ளைகளின் காலில் ஏற்கெனவே இருக்கும் தாளம் அதனுடையது. முதல் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வாத்தியங்களையும் முறைவைத்துப் பழக வேண்டும். அதன்பிறகு அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளட்டும். பறை கற்றுத்தர வருகிற கலைஞரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, வயலின் ஆசிரியரை அழைப்பது போலவே 'ஐயா' என்று ஆசிரியர்கள் அழைத்தால், அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பாடம் எடுக்க வேண்டியதில்லை. சம்பளத்திலும் இதே நேர்மை வேண்டும். சென்னையிலிருந்து வருபவருக்கு ஒரு தொகையும், காங்கேயத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் உடுக்கைக் கலைஞருக்கு அதில் கால்பங்கும் கொடுத்துவிட்டு, 'நம் மண்ணின் கலை' என்று மேடையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

வாத்தியங்களின் தேவை அறியாமல் நிகழ்ச்சி நிரல் போடுவதால் வரும் கெடுதிகளும் சில உண்டு. பறையின் தோலைத் தீயில் காய்ச்சி இறுக்கிய பிறகே அது கணீரென்று பேசும். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, அடி தொப்பென்று விழும். மழைக்காலத்துக் காலைப் பிரார்த்தனை முடிந்தவுடன் 'ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்' என்று சொல்வது அந்தக் கலைஞரைப் பிள்ளைகள் முன் தோற்கச் செய்வதற்குச் சமம். பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் பாதுகாப்பாகச் சருகும் காகிதமும் போட்டுத் தீ மூட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்து, அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, காய்ச்சுவதற்கு முன் ஓர் அடியும் பின் ஓர் அடியும் அடித்துக் காட்டினால் அதுவே ஓர் அறிவியல் பாடம். இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி என்று இரண்டும் வேறு வேறு ஒலி தருவதையும் அப்போதே காட்டிவிடலாம்.

இத்தகைய தோற்கருவிகளைத் தகரக் கூரை போட்ட மூடிய கூடத்தில், அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் ஒருமிக்க முழங்குவது காதுக்குக் கேடு. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் பணியிடங்களுக்கு ஒரு வரையறை இருக்கிறது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபல் ஒலியில் கால் மணி நேரமே இருக்கலாம். தவிலும் பறையும் ஜமாப் மேளமும் சேர்ந்தால் அந்த அளவை எட்டிவிடுவது அரிதல்ல. வேப்பமரத்தடியில் திறந்தவெளியாக வகுப்பு எடுப்பதும், கூடத்துக்குள் என்றால் மரப்பலகையில் தட்டித் தாளச் சொற்கட்டுகளைப் பழக்குவதும் நல்லது.

வயலினில் அளவு பார்க்காமல் மொத்தமாக வாங்கிவிடுவதே பெரும்பிழை. முழு அளவு, முக்கால், அரை, கால் என்று வயலின்கள் உண்டு. பிள்ளையின் தோளில் வயலினை வைத்து இடக்கையை நீட்டச் சொன்னால், முழங்கை சற்று மடங்கிய நிலையிலேயே விரல்கள் தலைச்சுருளை வளைத்துப் பிடிக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வயலின் பெரிது. நன்கொடையாளர் ஒரே அளவில் முப்பது முழு வயலின்களை வாங்கித் தந்துவிட்ட ஒரு பள்ளியில், பத்து வயதுப் பெண்ணொருத்தி நான்காம் விரலை வைப்பதற்காகக் கழுத்தையும் தோளையும் கோணிக்கொண்டு வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோணல் பழகிவிட்டால் பிற்பாடு திருத்துவது மிகக் கடினம். பள்ளி நேரம் முடியும்வரை வாத்தியங்களை வெயிலில் நிற்கும் வேனுக்குள் பூட்டி வைப்பதும் கூடாது. வயலினின் பலகைகளை இணைக்கும் பசை வெப்பத்தில் இளகி, ஓரங்கள் பிரிந்துவிடும். வாசித்து முடித்ததும் வில்லின் மயிரைத் தளர்த்தி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டும். வாத்தியம் வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தந்திக்கும் பழுதுபார்ப்புக்கும் எடுத்து வைக்காத குழுவின் வயலின்கள், ஆண்டு முடிவில் தந்தி அறுந்தபடி பீரோவுக்குள் கிடக்கும்.

குரலிசையில், ஆண் ஆசிரியர் தமக்கு ஒத்த 1 அல்லது 1½ கட்டையிலேயே (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) சுருதிப்பெட்டியை வைத்துப் பாட, பிள்ளைகள் மேலே எட்ட முடியாமல் கத்துவதை அடிக்கடி கேட்கலாம். 5½, 6 கட்டையை ஒட்டி வைத்துப் பார்த்து, கீழேயும் மேலேயும் சிரமமில்லாமல் போய்வர முடிகிறதா என்று கவனித்துச் சுருதியை முடிவுசெய்ய வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பையன்களின் குரல் உடையும்போது, 'சுருதி சேரவில்லை' என்று பின்வரிசைக்குத் தள்ளிவிடாமல், குறுகிய எல்லைக்குள் மெல்லப் பாடவிட்டு, தாளப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தால் குரல் நிலைத்தபின் திரும்ப வருவார்கள்.

ஏற்கெனவே இருக்கும் வழிகளைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் தாமே புதிதாகத் தொடங்க நினைப்பதும் வீண்செலவு. ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுப் படிப்பாக அங்கே சொல்லித்தருகிறார்கள். கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சிறுவர்களுக்குக் கலைகள் கற்றுத்தரும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு இசை ஒட்டிக்கொண்டது தெரிந்ததும், அடுத்த படி எது என்று அதன் பெற்றோருக்குச் சொல்லி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுவரை குழுவின் வேலைதான். கொடுமுடியில் எளிய குடும்பத்தில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல் தமிழகம் முழுவதையும் எட்டியதென்றால், அந்தக் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு இசைத் தேர்வுகளையே குறிக்கோளாக வைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. விரும்பும் பிள்ளை எழுதட்டும், ஆனால் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை வகுப்பில் இரண்டாந்தரமாகிவிடக் கூடாது. திருப்பூர்ப் பள்ளிகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பாடும் பாட்டு ஒன்றையாவது வகுப்பு கற்றுக்கொண்டால் அவர்கள் ஓரத்தில் உட்கார மாட்டார்கள்.

பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வைக்காமல், 'எல்லாம் தெரிந்தவர்கள்தாமே' என்று விட்டுவிடுவது மன்னிக்க முடியாத தவறு. எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. விரலைத் திருத்தக் கையைத் தொடுவதானால் கேட்டுவிட்டே தொட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் படத்தைக் குழுவின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'ஏழைப் பிள்ளைகள்' என்று தலைப்பிட்டு அதை வெளியிடுவது அதைவிட மோசம்.

கடைசியாக, நன்கொடையாளருக்கு அனுப்பும் ஆண்டறிக்கை. எத்தனை பள்ளிகள், எத்தனை ஆயிரம் பிள்ளைகள் என்ற கணக்கை முதல் பக்கத்தில் போட்டால், அடுத்த ஆண்டும் அந்த எண்ணிக்கையை உயர்த்துவதே குழுவின் வேலையாகிப்போகும். ஜூனில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகும் வருகிறார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள், வீட்டுக்கு வாத்தியம் எடுத்துச் சென்று பழகுபவர்கள் எத்தனை பேர், குழு போகாத நாளிலும் வகுப்பை நடத்தக்கூடிய ஆசிரியர் அந்தப் பள்ளியிலேயே உருவாகியிருக்கிறாரா என்ற நான்கையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு ஏப்ரலுக்குள் ஒருவர் நேரில் போய்வந்துவிட்டால், அடுத்த ஜூனுக்கான திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்த வீடுகளிலேயே தெரிந்துவிடும்.