அம்மாவின் பீரோ சாவி யாரிடம்?

அப்பா போன பிறகு அம்மாவின் பென்ஷன், நகை, வீட்டுப் பத்திரம் எல்லாம் கூட இருக்கிற பிள்ளையின் பொறுப்புக்கு வந்துவிடும், சந்தேகமும் அங்கேதான் கிளம்பும். எங்கள் வீட்டில் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியைக் காணோம் என்று அக்காவும் அண்ணியும் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்தால் தம்பியின் அவசரத்துக்கு அம்மாவே அதைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருக்கிறார், ரசீது மருந்துப் பைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது.

கணக்குப் பார்ப்பவர் நீங்கள் என்றால், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள். கேட்ட பிறகு காட்டினால் அதே கணக்கு ஜோடித்த மாதிரி தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: வந்த பென்ஷன், மருந்து, பால், வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளம். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். மருந்து 3,000 என்று ரவுண்டாக எழுதாதீர்கள், 2,870 என்றால் 2,870தான். நகை இடம் மாறினால், அடகோ லாக்கரோ, அன்றைக்கே எல்லாருக்கும் தெரியவேண்டும்.

நாமினி விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்கவேண்டியவர், அவ்வளவுதான். அந்தப் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. இது தெரியாமல் "உன் பேரை மட்டும் போட்டுக்கிட்டியா" என்று தொடங்குகிற சண்டை ஏராளம்.

சரி, சந்தேகம் உங்களுக்கு என்றால்? "அண்ணன் வீட்டை எழுதி வாங்கிட்டான்" என்று சித்தி சொன்னதை நம்புவதற்கு முன், தமிழ்நாட்டுச் சொத்தாக இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்து வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள், இலவசம்தான். செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கிற பத்திரம், பதிவாகியிருந்தால் அதில் வரும். உயில் வேறு கதை, அதைப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயமே இல்லை, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டிருந்தால் போதும்.

அப்புறம், சம்பந்தப்பட்டவரிடம் நேரில், தனியாகக் கேளுங்கள். தீபாவளிக்குக் கூடியிருக்கும்போது வேண்டவே வேண்டாம். "சங்கிலியை எங்கே வச்ச?" என்றால் திருடி என்று சொன்ன மாதிரிதான், "அம்மா சங்கிலி பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா அண்ணி?" என்று கேட்டால் அவரும் சேர்ந்து தேடுவார். அம்மாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், பாவம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பிடித்த பதிலைத்தான் சொல்வார்.

சந்தேகம் தப்பு என்று தெரிந்தால், நாலு பேர் முன்னால் கேட்டதற்கு அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். என் அக்கா போனில் ரகசியமாகக் கேட்டு முடித்துக்கொண்டாள். அண்ணி இன்றைக்கும் அம்மாவின் பீரோ சாவியைத் தொடுவதில்லை.