ஒரு குத்துவிளக்கு, ஒரு ஜன்னல்: டிசைன் மாணவருக்குப் படமெடுக்கும் பாடம்

கும்பகோணத்தில் விளக்குக் கடைகளுக்கும் பட்டுச் சேலைக் கடைகளுக்கும் கேட்லாக் வடிவமைப்பது என் தொழில். டிசைன் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வேலை பழக வருவார்கள். வந்ததும் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம் அக்கா?" இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். வீட்டில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கும், வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

நாம் எடுக்கும் படம் தனியாகச் சட்டத்தில் தொங்கப்போவதில்லை. பெட்டியில், போஸ்டரில், விலைப்பட்டியலில் எழுத்துகளோடு சேர்ந்து நிற்கப்போகிறது. பார்க்கிறவருக்கு அந்தப் பொருளின் வடிவம், அது எதனால் ஆனது, அதன் நிறம் மூன்றும் சரியாகத் தெரிய வேண்டும். மூன்றையும் தீர்மானிப்பது வெளிச்சம். பித்தளையைப் படமெடுக்கப் பழகினால் வெளிச்சம் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் எதிரில் இருப்பதையெல்லாம் அது தன்மேல் காட்டிவிடும்: உங்கள் சட்டை, ட்யூப்லைட், போன், எல்லாவற்றையும்.

ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விளக்கை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் வேறு வேறு நிறம். இரண்டும் கலந்துவிட்டால் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய கேமராவில் செய்யும் நிறத் திருத்தத்தை, எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் கெட்டுப்போகும். இனி தண்டைக் கவனியுங்கள். ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் மஞ்சள், மறுபக்கம் இருட்டு. அந்த வெள்ளைக் கோடு ஜன்னலின் பிம்பம்தான். உற்றுப் பார்த்தால் கம்பிகள்கூடத் தெரியும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பிகள் மறைந்து கோடு வழவழப்பாகும். மறுபக்க இருட்டில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தி, மெல்ல மெல்லக் கிட்டே நகர்த்துங்கள். நிழல் எந்த இடத்தில் தெளிகிறது, எந்த இடத்தில் விளக்கு தட்டையாகிவிடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். போனை இன்னும் எடுக்க வேண்டாம்.

அடுத்தது விளிம்பு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் பித்தளையின் ஓரம் கரைந்துபோகும். நாச்சியார்கோவில் விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து வளைவு, பாவம், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். படத்துக்குள் வராத இடத்தில், விளக்கின் இரு புறமும் கறுப்புச் சார்ட் பேப்பரை நிறுத்துங்கள். அதன் பிம்பம் மெல்லிய கறுப்புக் கோடாக ஓரத்தில் ஓடி, உருவத்தை வரைந்ததுபோல் தனியாக எடுத்துக் காட்டும். என்னைக் கேட்டால் பொருள் படமெடுப்பதில் பாதி இந்தக் கறுப்பு அட்டைதான். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் பளபளப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் அது வேலை செய்யும், வெறும் உலோகத்தின் மினுக்கை அதனால் அடக்க முடியாது.

இப்போது போனை எடுங்கள். மிக அருகில் போகாதீர்கள், போனால் முன்னால் இருக்கும் திரி முகம் பெருத்து, பின்னால் இருப்பது சிறுத்துவிடும். மூன்றடி தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூமில் வையுங்கள். திரையில் விளக்கை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவை விரலால் ஏற்றி இறக்குங்கள். எதைக் காட்டினாலும் கேமரா அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பின்னணி அழுக்காகத் தெரிவதும், கருங்கல் சிற்பம் வெளுத்துப்போவதும் அதனால்தான். வெள்ளை அதிகம் இருந்தால் ஏற்றுங்கள், கறுப்பு அதிகம் இருந்தால் இறக்குங்கள்.

கல்லூரியில் கேமரா கைக்கு வந்ததும் மூன்று எண்கள் வரும். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவு, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும்; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். விளக்கு முழுவதும் தெளிவாக வர 8 அல்லது 11 வையுங்கள். வெளிச்சத்தை கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ 100. அப்போது ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) வேகம் குறைந்துவிடும், கையில் பிடித்தால் ஆடும். டிரைபாடில் வைத்து, 2 வினாடி டைமர் போட்டு எடுங்கள். ஷட்டர் என்ன செய்கிறது என்று தெரிய நடவு நேரத்தில் ஏதாவது ஒரு வயலுக்குப் போங்கள். நாற்றை ஊன்றும் கையை 1/500 வினாடியில் எடுத்தால் தெறிக்கும் சேற்றுத்துளி அப்படியே நிற்கும். 1/15இல் கை கரைந்து நாற்று மட்டும் நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்பதைச் சொல்லவந்த விஷயம்தான் முடிவு செய்யும். இன்னொன்று: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில ட்யூப்லைட், எல்.இ.டி. வெளிச்சத்தில் வேகமான ஷட்டர் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/50 அல்லது 1/100 வையுங்கள், போய்விடும்.

இவ்வளவு கைவந்த பிறகு சுவாமிமலை. வெண்கலச் சிலை செய்யும் பட்டறையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். டிசைன் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, ஒரு பொருள் உருவாகும் வரிசை முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பட்டறை முழுவதும் தெரியும்படி ஒன்று, ஆள் தெரியும்படி ஒன்று, கையும் கருவியும் மட்டும் ஒன்று என்று எடுங்கள். உலோகம் ஊற்றும்போது அறை இருட்டாக இருக்கும், கேமரா ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், உருகிய உலோகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இரண்டு படி இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் குறுக்கே போகவே கூடாது. ஃபிளாஷும் வேண்டாம். எடுத்ததை அங்கேயே அவர்களிடம் காட்டுங்கள், எந்தப் பிடி சரி, எது தப்பு என்று அவர்களே சொல்வார்கள்.

கோயிலுக்கு வருவோம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தேர்ச்சக்கரமும் குதிரையும் செதுக்கிய முன்மண்டபம் துல்லியமாகத் தெரியும், உச்சி வெயிலில் அதே செதுக்கல் சப்பையாகிவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். திரையில் நேர்க்கோடுகள் காட்டும் கட்டத்தை இயக்கி, கேமராவை நேராகப் பிடித்து, பின்னால் போய் எடுத்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல், அங்கே நன்றாகவே பின்னால் போக வேண்டியிருக்கும். கருவறையை எடுக்காதீர்கள். டிரைபாடை விரிக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

கடைசியாகத் தாள். தலைப்பு எங்கே வரும் என்று முதலிலேயே தெரிந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு எடுக்கலாம், பிறகு எழுத்தை அன்னத்தின் தலைமேல் ஏற்ற வேண்டியிருக்காது. ஏ4 முழுப்பக்கத்துக்கு 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போனே போதும், ரொம்ப வெட்டாமல் இருந்தால். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப்போயிருக்கும், அதை லேஅவுட்டில் வைக்காதீர்கள். நிறத்துக்கு, ஒவ்வொரு புது வெளிச்சத்திலும் முதல் படத்தில் பொருளோடு ஒரு சாம்பல் அட்டையையும் சேர்த்து எடுத்து, கம்ப்யூட்டரில் அதை வைத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். திருபுவனம் பட்டின் அரக்குச் சிவப்பு, திரையில் பார்த்ததைவிட அச்சில் மங்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மாதிரித் தாள் எடுத்து, சேலையோடு வாசலுக்குக் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பாருங்கள். மங்கியிருந்தால் படத்தைத் திருத்தி, இன்னொரு மாதிரி கேளுங்கள்.